ஓசிக் கரண்டும் டல்சியின் கையெழுத்தும்

நானும் டென்சிலும் பிரிந்துவிடலாம் என்று முடிவெடுத்தது ஒரு ஜூன் மாதக் குளிரில், குப்பைத் தொட்டிகளைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது. சண்டை ஒன்றும் இல்லை. அவன் ஒரு தொட்டியைத் தள்ளினான், நான் ஒரு தொட்டியைத் தள்ளினேன்.

“இப்படியே இருக்கணுமா, ரே?” என்று கேட்டான்.

“வேண்டாம்னுதான் தோணுது.”

“எனக்கும்.”

தொட்டிகளை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே வந்தோம். இருபத்தேழு வருஷக் கல்யாணம் அவ்வளவுதான்.

யாரும் யாரையும் அடிக்கவில்லை. அவனுக்கு வேறு பெண் இல்லை, எனக்கு வேறு ஆண் இல்லை. மகள் ஷோனா அடிலெய்டுக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது, அப்புறம் நின்றுவிட்டது. நின்றதைக் கவனிக்கவே எங்களுக்கு ரொம்ப நாள் பிடித்தது. இதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, எனக்கு உடம்பு மனசு எல்லாமே அப்படித்தான் இருந்தது. கடித்தாலும் தெரியாது.

சட்ட உதவிக்கு ஃபோன் போட்டேன். எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னாள். ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்தால் விவாகரத்து கேட்கலாம். வேறு வீட்டுக்குப் போக வழியில்லை என்றால் ஒரே கூரைக்குக் கீழேயும் பிரிந்து வாழலாம், ஆனால் நிஜமாகவே பிரிந்திருக்க வேண்டும். படுக்கை தனி, சமையல் தனி, துணி துவைப்பது தனி. வருஷக் கடைசியில், உங்களைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டும்.

எங்களுக்கு வேறு வழி இல்லைதான். எங்கள் சுரங்க ஊர் ப்ரோக்கன் ஹில்லில் வாடகை வீடு குதிரைக் கொம்பு. ஒரு வீடு காலியானால், சுரங்கத்துக்கு ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்கள் ஆறு பேராக வந்து அடைத்துக்கொள்வார்கள். விவாகரத்து கையில் கிடைத்ததும் வீட்டை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வது, அதுவரை ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது என்று பேசிக்கொண்டோம்.

முதல் சில வாரம் ஒழுங்காகத்தான் இருந்தோம். நான் ஷோனாவின் அறைக்கு மாறினேன். டென்சில் சுரங்கத்திலிருந்து ‘அபாயம்’ என்று அச்சடித்த மஞ்சள் டேப்பைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜுக்குள் நடுத்தட்டில் ஒட்டினான். மேலே என் பால், கீழே அவன் பீர். திங்கள், வியாழன் அவன் துணி, செவ்வாய், வெள்ளி என் துணி. அவன் தனக்கு ஆட்டுக்கறியைச் சுட்டுத் தின்றான். நான் பப்பில் ராத்திரிச் சமையல் செய்கிறவள், வீட்டில் ரொட்டியில் எதையாவது தடவித் தின்றால் போதும் எனக்கு.

ஆகஸ்டில் மின்சாரக் கம்பெனியிலிருந்து சேதி வந்தது. ஊர் ஊராகக் கூரைமேல் சோலார் தகடு போட்டுவிட்டதில் நடுப்பகலில் கரண்ட் வழிந்து போகிறதாம், தீர்க்க ஆள் இல்லையாம். அதனால் புது மீட்டர் வைத்திருக்கும் வீடுகளுக்குத் தினமும் பகல் பதினொன்றிலிருந்து இரண்டு வரை இலவசம். அந்த மூன்று மணி நேரத்தில் என்ன வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம்.

டென்சில் அதை இரண்டு தடவை படித்தான்.

“கம்பெனிக்காரன் அவனா ஓசியில குடுக்கறான், ரே. எங்க பாட்டன் காலத்துல இருந்து இந்த ஊர்ல எவனாவது இப்படி ஒண்ண பார்த்திருக்கானா? ஒரு துளிகூட விடக் கூடாது. உறிஞ்சி எடுத்துடணும்.”

பல மாதத்துக்கு அப்புறம் அவன் முகத்தில் அன்றுதான் களை வந்தது. அவன் இந்த ஊரிலேயே பிறந்தவன், மூன்று தலைமுறைத் தொழிற்சங்கத்துக்காரன். முதலாளியிடமிருந்து எதைக் கறந்தாலும் அவனுக்கு அது திருவிழா. நான் வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், எனக்கு அந்த ரத்தம் இல்லை. “சரி” என்றேன். வேண்டாம் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டும்.

அவனுக்குச் சுரங்கத்தில் பிற்பகல் ஷிஃப்ட், எனக்குப் பப்பில் சாயங்காலம்தான் வேலை. ஆக அந்த ஓசி நேரத்தில் இரண்டு பேரும் வீட்டில் இருக்கிறவர்கள். அதுதான் எங்கள் கேடு.

முதல் பில் வந்தபோது டென்சில் குதித்தான். பார்த்துப் பார்த்துப் பதினொன்றுக்குப் போட்டு இரண்டுக்கு நிறுத்தியும் தினமும் கடைசி அரைமணிக்குக் காசு போட்டிருந்தார்கள். ஃபோனில் கத்தினான். மறுமுனையில் சிட்னிப் பையன் ஒருவன், எங்கள் கடிகாரப்படி எல்லாம் சரியாக இருக்கிறது சார் என்றான். அப்புறம்தான் உறைத்தது. நாங்கள் இருப்பது சிட்னியின் மாநிலம், ஆனால் எங்கள் ஊர்க் கடிகாரம் ஓடுவது அடிலெய்டு நேரத்தில். சிட்னியில் பதினொன்று என்றால் எங்களுக்குப் பத்தரை. தினமும் முதல் அரைமணியைக் கோட்டைவிட்டு, கடைசி அரைமணிக்குத் தண்டம் அழுதிருக்கிறோம்.

“நம்ம பகலும் அவன் பகலும் ஒண்ணா? திருட்டுப் பய” என்று டென்சில் பழைய சாமான் கடையில் ஒரு கடிகாரம் வாங்கிவந்து சமையலறையில் மாட்டி, அதை சிட்னி நேரத்துக்கு வைத்தான்.

அடுத்த தொல்லை ஃப்யூஸ். எங்கள் வீடு பழைய தகரச் சுவர் வீடு, வயரும் அந்தக் காலத்து வயர். ஓவனும் வாஷிங் மெஷினும் வெந்நீர் ஹீட்டரும் ஏசியும் சேர்ந்து ஓடினால் பட்டென்று எல்லாம் அணைந்துவிடும். ஒன்றை நிறுத்தித்தான் இன்னொன்றைப் போட வேண்டும். மூன்று மணி நேரத்தில் அவன் துணி ஒரு தடவை, என் துணி ஒரு தடவை, அவன் கறி ஒரு தடவை, என் சாப்பாடு ஒரு தடவை என்றால் நடக்கிற காரியமா? ஒரு வியாழக்கிழமை அவன் துணியைப் போடப் போனவன் மெஷின் மூடியைத் திறந்துகொண்டே நின்றான்.

“பாதிதான் ரொம்பியிருக்கு. உன்னுதையும் போட்டா ஒரே சுத்துல முடிஞ்சுடும். அப்புறம் ஏசி போடலாம்.”

என் கூடையைக் கொடுத்தேன். அவ்வளவு சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. அந்த வாரக் கடைசியில் ஒரே தட்டில் கறி, ஒரே ஓவன், இரண்டு பேருக்கு. ஃப்ரிட்ஜிலிருந்த மஞ்சள் டேப்பு ஈரத்தில் ஊறி ஒருநாள் கழன்று விழுந்தது, யாரும் திருப்பி ஒட்டவில்லை.

பிரிவு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டிருந்தால் அதற்கென்ன, பிரிந்துதானே இருக்கிறோம் என்று சொல்லியிருப்பேன். அவன் சட்டையோடு என் சட்டை ஒரே நுரையில் சுற்றியது. அதனால் என்ன? லாண்டரிக் கடையில் போட்டால் ஊரார் சட்டையோடு சுற்றாதா?

பக்கத்து வீட்டு டல்சியும் இதில் வந்து சேர்ந்தாள். எழுபதைத் தாண்டியவள். இந்த ஊரில் கல்யாணமான பெண்கள் வேலைக்குப் போகக் கூடாது என்று சங்கமே விதி வைத்திருந்த காலத்தில், அதே சங்க அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து, கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வேலையை விட்டவள். கணவர் லெஸ் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தக் கோபம் மட்டும் அவளுக்குத் தீரவில்லை. புது மீட்டர் வைக்க வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள், கம்பெனிக்காரன் அதன் வழியாக வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பானாம். அதனால் அவளுக்கு ஓசி இல்லை. ஆனால் ஓசி என்றதும் நாக்கு ஊறாமல் இல்லை. தினமும் பத்தரைக்குக் கேக் மாவு ஊற்றிய தகரத்தைக் கையில் ஏந்தி வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுவாள்.

“என்னடா டென்சில், இன்னிக்கு எனக்கு ஓவன் எப்ப? க்யூவுல நிக்கணுமா?”

“உங்களுக்கு இல்லாததா டல்சி? கறிக்குப் பக்கத்துலயே சொருகுங்க. கேக்குல ஆட்டு வாசனை வந்தா என்னைத் திட்டக் கூடாது.”

“உங்கப்பன் சாக்ஸ் வாசனையையே சகிச்சவ நான்டா. ஒரே ஆபீஸ்.”

கேக் வெந்து இறங்கும்வரை எங்களோடு மேஜையில் உட்கார்ந்திருப்பாள். மூன்று தட்டு வைப்பேன். கறி, உருளைக்கிழங்கு, கேரட்டும் சீஸும் துருவிப் பிசைந்த எங்கள் ஊர் சாலட். அவளிடம் அவன் பேசுவான், அவளிடம் நான் பேசுவேன். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதும் உண்டு.

“ஹீட்டர் போட்டாச்சா?”

“மெஷின் இன்னும் சுத்துது.”

“நின்னதும் சொல்லு.”

“ஓவன நிறுத்தட்டுமா?”

“கேக் இருக்கே. அது எறங்கட்டும்.”

கோடை வந்தது. நாற்பது டிகிரியைத் தாண்டினால் தகரச் சுவர் தொட முடியாது. டென்சில் ஓசி நேரத்திலேயே ஏசியை முழுசாக வைத்து வீட்டைக் குளிரவைத்து, திரையெல்லாம் இழுத்துவிட்டு, கதவிடுக்கில் துண்டு சொருகிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். தண்ணீர் பாட்டில்களை உறையவைத்தான். ஃபோன், டார்ச், துளைபோடும் மெஷின், தெருவில் யார் யாருடையதோ பேட்டரி எல்லாவற்றையும் வரிசையாகச் சொருகிவைத்தான். வேலையே இல்லாத நாளில் சுத்தமான தரையை மறுபடி வாக்குவம் போட்டான். கரண்ட் சும்மா போவது அவனுக்குக் கண்ணில் விழுந்த தூசி போல. நான் அவன் சொன்னதைப் போட்டேன், சொன்னதை நிறுத்தினேன். அந்தக் குளிர்ந்த இருட்டு வீட்டில் பகலெல்லாம் படுத்துக் கிடப்பேன். சுகமும் இல்லை, துக்கமும் இல்லை.

எனக்கு ஐம்பது வயதானது அந்த வருஷம்தான். டல்சி நுரைபோல ஒரு ஸ்பாஞ்ச் கேக் போட்டாள், மேலே என் பெயர். டென்சில் இரண்டு துண்டு தின்றான்.

“நல்லா இருக்கு டல்சி. இது பழக் கேக்க விடச் சீக்கிரம் வெந்துடுச்சு. மெஷினுக்கு நேரம் மிச்சம்.”

டல்சி என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து மெஷினைப் போட்டேன். அவன் சொன்னது உண்மைதானே, நேரம் மிச்சமாகத்தான் இருந்தது.

மறுபடி ஜூன் வந்து போயிற்று. வருஷம் முடிந்தது. சட்ட உதவிப் பெண் தாள்களை அனுப்பிவைத்தாள். என்னுடையதை நான் நிரப்பினேன், சாட்சியின் தாளையும் மாதிரிக்காக அவளே அடித்து அனுப்பியிருந்தாள். சாட்சிக்கு டல்சியை விட்டால் வேறு யார்? டென்சில் பெட்ரோல் போடப் போயிருந்த நேரமாகப் பார்த்து அவள் முன்னால் வைத்தேன்.

“ஒரு கையெழுத்து வேணும் டல்சி. மருந்துக் கடைக்காரர் முன்னால சத்தியம் பண்ணிப் போடணும். அவருக்குத்தான் முத்திரை குத்தற அதிகாரம் இருக்கு.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டே படித்தாள்.

“‘மேற்படி இருவரும் ஒன்றாகச் சமைக்கவோ, ஒன்றாக உணவருந்தவோ இல்லை.’” நிமிர்ந்தாள். “ஏம்மா, நேத்து நான் இங்க உக்காந்து என்ன தின்னேன், காத்தா?”

“அது கரண்டுக்காக.”

“‘துணிகளைத் தனித்தனியே துவைத்துக்கொண்டனர்.’ சன்னல் வழியா கொஞ்சம் பாரு.”

பார்க்க வேண்டியதில்லை. முற்றத்துக் கொடியில் அவனுடைய ஆரஞ்சு நிறச் சுரங்கச் சட்டைகளுக்கு நடுவே என் துணியெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது.

“உன் பாடிய அவன்தான் க்ளிப் போட்டுக் காயவெச்சான். வேலி வழியா பார்த்துக்கிட்டுதான இருந்தேன். எங்க லெஸ் நாப்பது வருஷத்துல என் பாடியத் தொட்டதே இல்ல. கொடியிலன்னு சொல்றேன்.”

“டல்சி, அது ஒண்ணும் இல்ல. சத்தியமா ஒண்ணும் இல்ல. ஃப்யூஸ் போயிடுமேன்னு சேர்த்துப் போட்டோம். அவ்வளவுதான்.”

“கரண்டுக்காகத் துவைச்சியோ காதலுக்காகத் துவைச்சியோ, கோர்ட்டுல கேட்டா நான் என்ன சொல்றது? பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்றியா? எங்க தாத்தா பெரிய ஸ்ட்ரைக்குல முயல் புடிச்சுத் தின்னுகிட்டுப் பட்டினி கெடந்தாரு, கருங்காலி ஆகல. இது கருங்காலி வேலை. நான் செய்ய மாட்டேன்.”

தாளை என் பக்கமாகத் தள்ளினாள். கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். பிறகு வேறு குரலில் சொன்னாள்.

“நெசத்தச் சொல்லட்டா? எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, கண்ணு. ரெண்டு பேரும் சேர்ந்துட்டீங்கன்னு நெனச்சேன். வெளிய சொல்ல வெக்கப்படறீங்கன்னு நெனச்சேன். தெனமும் அந்த மேஜைக்கு அதுக்காகத்தான் வந்தேன். கேக்கு எங்க வீட்லயும்தான் வேகும்.”

டென்சில் வந்ததும் சொன்னேன். தொப்பியைக் கழற்றாமலே கேட்டான்.

“அப்ப இன்னொரு வருஷமா?”

“ஆமா. இந்தத் தடவை ஒழுங்கா. துணி தனி, சமையல் தனி.”

சமையலறையைச் சுற்றிப் பார்த்தான். “ஓசி நேரத்த ரெண்டா பிரிச்சுக்கணும். மொதப் பாதி உனக்கு, பின்பாதி எனக்கு. ஏசி மட்டும் பொது. அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க இல்ல?”

“தெரியல.”

“கேட்டுச் சொல்லு.”

இன்னொரு வருஷம். இன்னொரு கோடை, இன்னொரு தடவை திரையை இழுத்துவிட்ட இருட்டு, ஹீட்டர் போட்டாச்சா, மெஷின் நின்னாச்சா. இன்னும் ஒரு வருஷம் இப்படி இருந்தால் நான் செத்துப்போனால்கூட எனக்கே தெரியவராது என்று தோன்றியது. அப்படித் தோன்றியபோதும் பயம் வரவில்லை. பயம் வராததுதான் ரொம்ப மோசமாக இருந்தது.

மறுநாள் பத்தரைக்கு டல்சி வந்தாள். கையில் கேக் தகரம் இல்லை, தோளில் கைப்பை இருந்தது. டென்சில் மெஷினைப் போட்டுவிட்டு வந்தான். பிரிப்பதெல்லாம் திங்களிலிருந்து என்று வைத்திருந்தோம், அன்றைக்குத் துணி சேர்ந்துதான் சுற்றிக்கொண்டிருந்தது.

“உக்காருங்க ரெண்டு பேரும்” என்றாள். உட்கார்ந்தோம்.

“ராத்திரி முழுக்க யோசிச்சேன். ஒரு வருஷமா இந்த மேஜையில உக்காந்திருக்கேன். இவன் உங்கிட்ட பேசினது, நீ இவன்கிட்ட பேசினது, ஒண்ணொண்ணா நெனச்சுப் பார்த்தேன். உங்களுக்கே சந்தர்ப்பம் தர்றேன். இந்த ஒரு வருஷத்துல ஒருத்தருக்கொருத்தர் பேசினதுல, கரண்டப் பத்தி இல்லாம ஒரே ஒரு பேச்சு சொல்லுங்க. ஒண்ணு போதும். சொல்லிட்டா அந்தத் தாள நானே கிழிச்சுப் போடறேன், நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா இருங்க.”

டென்சில் சிரித்தான். “இது என்ன டல்சி, விளையாட்டா?”

“சொல்லுடா.”

“எவ்வளவோ பேசியிருப்போம்.”

“ஒண்ணு சொல்லு.”

அவன் மேஜையைப் பார்த்தான். “மழை வருதுன்னு சொன்னேன். மார்ச்சுல. ஞாபகம் இருக்கா, ரே? ஓடி வந்து சொன்னேனே.”

“கொடியில துணி கெடக்குன்னு சொன்ன” என்றேன். “ட்ரையர் போட ஓசி நேரம் தாண்டிடுச்சுன்னு சொன்ன.”

“ஷோனா ஃபோன் பண்ணினா, சொன்னேன்.”

“அவ வீட்லயும் ஓசிக் கரண்ட் வந்துடுச்சுன்னு சொன்ன.”

“அது ஷோனாவப் பத்திதானே?”

டல்சி தலையை ஆட்டினாள், இல்லையென்று. அவன் நெற்றியைத் தேய்த்தான். நிஜமாகவே தேடினான், பாவம்.

நானும் தேடினேன். எனக்கு வேண்டியது அந்தக் கையெழுத்து. ஒன்றும் கிடைக்கக் கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் தேட ஆரம்பித்த பிறகு, ஒன்றாவது கிடைக்காதா என்றிருந்தது. ஒரு தடவை, தலைவலி என்று சொல்லியிருப்பேனா? அவன் கீழே சுரங்கத்தில் என்ன நடந்தது என்று ஒரு நாளாவது சொல்லியிருப்பானா? காலையில் எழுந்து நல்லா தூங்கினியா என்று ஒரு பேச்சு? முந்நூற்றுச் சொச்சம் மத்தியானம் ஒரே மேஜை, ஒரே கறி. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஹீட்டர், ஓவன், மெஷின், ஏசி. வேறு ஒன்றும் இல்லை.

உள்ளே மெஷின் சுற்றி முடித்துப் பீப் பீப் என்று அடித்தது. டென்சிலின் தோள் ஒரு தடவை அசைந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. மெஷின் அடித்து அடித்துத் தானே ஓய்ந்தது. ஏசி போடவில்லை, ஹீட்டர் போடவில்லை. ஓசி நேரம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“எனக்கும் ஒண்ணும் கெடைக்கல” என்றேன் டல்சியிடம்.

“சரி” என்றாள் டல்சி. கைப்பையைத் திறந்து வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்தாள். “அந்தப் பொண்ணு அடிச்ச தாள் எனக்கு வேணாம். நானும் டைப்பிஸ்டா இருந்தவதான், எனக்கு எழுதத் தெரியும்.”

நிதானமாக எழுதினாள். ஒவ்வொரு வரிக்கும் நடுவே எங்களைப் பார்த்தாள். முடித்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்துக்காட்டினாள்.

“‘இவர்கள் ஒன்றாகச் சமைத்தார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள், துணியை ஒன்றாகத் துவைத்தார்கள். நான் பார்த்தேன். எல்லாம் இலவச மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்பதற்காக. இந்த ஒரு வருஷத்தில் மின்சாரத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. நான் நாற்பது வருஷம் கல்யாணம் செய்து வாழ்ந்தவள். எங்களுக்குள் சண்டை இருந்தது. இவர்களுக்குள் அதுவும் இல்லை. இது கல்யாணம் இல்லை என்று எனக்குத் தெரியும்.’”

பேனாவை மூடினாள். “செவ்வாக்கெழம மருந்துக் கடைக்குப் போய்ச் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டுடறேன். இதுல ஒரு எழுத்து பொய் இல்ல.”

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நெஞ்சுக்குள் எங்கேயோ சுருக்கென்றது. ஒரு வருஷத்துக்கு மேலாக இல்லாத வலி. இத்தனை நாள் எங்கே இருந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. இது கல்யாணம் இல்லை. தெரிந்துதானே கேட்டேன்? ஆனால் அதை நாங்கள் சொல்வது வேறு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் படித்துக்காட்டிக் கேட்பது வேறு.

டென்சில் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். எத்தனையோ நாளுக்கு அப்புறம் நேராக என்னை.

“ரே, நீ எங்க போவ?”

டல்சி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

“மில்டுரா” என்றேன். “ஆத்துப் பக்கமா.”

“உனக்கு ஆறு புடிக்குமா?”

“புடிக்கும்.”

“எனக்குத் தெரியாதே.”

அழுகை வந்துவிட்டது. மேஜைமேல் குனிந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். டென்சில் கையை நீட்டினான், எங்கே வைப்பது என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினான். டல்சி அந்தத் தாளை எடுத்து, நனையாதபடி தன் பக்கமாகத் தள்ளி வைத்துக்கொண்டாள்.